2147483647: கம்ப்யூட்டர்கள் தடுக்கி விழும் எண்!

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அதற்கு அடுத்த விநாடியில், திருத்தப்படாத பழைய கம்ப்யூட்டர்கள் 'இது 1901 டிசம்பர்' என்று சொல்லத் தொடங்கலாம். காரணம், 2147483647 என்கிற ஒரே ஓர் எண். நம்ம கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

அப்படி என்ன விசேஷம்?

31 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் இந்த எண் வரும். இது ஒரு பகா எண். 1, தன்னைத் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. இதை நிரூபித்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். ஆண்டு 1772. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது.

சாதாரண வழியில் போனால் 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லரோ, இதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும் என்று கண்டுபிடித்தார். அதனால் வெறும் 84 எண்களைச் சோதித்ததே போதுமானதாக இருந்தது.

கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது?

பகா எண் என்பதற்காக யாரும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 32 பிட் இடத்தில் ஓர் எண்ணைச் சேமிக்கும்போது, கூட்டலா கழித்தலா என்று குறிக்க ஒரு பிட் போய்விடும். மீதி 31 பிட்களில் அடங்கும் மிகப்பெரிய எண் இதுதான். இதோடு 1-ஐக் கூட்டினால், பல கணினிகளில் விடை மைனஸ் 2147483648 ஆகிவிடும்.

2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைகள் இந்த எல்லையை நெருங்கியபோது, யூடியூப் தன் கவுண்டரை 64 பிட்டுக்கு மாற்றியது. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. அந்த எண்ணிக்கை 2038-ல் இதே எல்லையைத் தொடுகிறது.

நமக்கென்ன?

புதிய போன்கள், லேப்டாப்கள் பெரும்பாலும் 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டன. அதில் இன்னும் சுமார் 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. சிக்கல் பழைய டேட்டாபேஸ்களிலும், தொழிற்சாலைக் கருவிகளிலும், ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துபோன சாதனங்களிலும்தான். அதுவும் 2038 வரை காத்திருக்காது. இன்று 15 ஆண்டு வீட்டுக்கடன் எடுப்பவரின் கடைசித் தவணை, அந்தத் தேதிக்குப் பிறகுதான் வரும். அந்தத் தேதியை மென்பொருள் இன்றே கணக்கிட்டாக வேண்டும். தேதி மட்டுமல்ல, தொகையைப் பைசாவில் 32 பிட்டாகச் சேமித்தால், 2 கோடியே 15 லட்ச ரூபாய்கூட அதில் அடங்காது.

2000-ம் ஆண்டு பிறந்தபோது 'ஒண்ணுமே ஆகலையே' என்று பலர் சிரித்தார்கள். முன்கூட்டியே பல ஆயிரம் பேர் உட்கார்ந்து கோடிங்கைத் திருத்தியதால்தான் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை தேதி மட்டுமல்ல, விநாடியே தெரியும். நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தங்கள் பழைய மென்பொருள்களை இப்போதே பட்டியலிட்டுச் சோதிக்க வேண்டும். 2037 டிசம்பரில் பதறுவதில் அர்த்தமில்லை.