சிவப்புத் துணி காப்பாற்றாது

போன வாரம் பெருந்துறை சாலையில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு குட்டியானை வண்டி போய்க்கொண்டிருந்தது. முறுக்குக் கம்பி லோடு. நாற்பதடிக் கம்பியை இரண்டாக மடித்து, வளைந்த பக்கத்தைக் கேபினுக்கு மேலே ஏற்றி, வெட்டு முனைகளைப் பின்னால் தொங்க விட்டிருந்தார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் முனைகள் தாழ்ந்து தாரை உரசிவிட்டு மேலே எழும்பின. கடைசிக் கம்பியில் ஒரு துணி. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கலாம். கிரீஸும் புழுதியும் ஏறிக் கறுத்துச் சுருண்டு கிடந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்தில் போய்ச் சொன்னேன். ஓட்டி வந்த பையன் கோபப்படவில்லை. "அதான் செவப்புத் துணி கட்டியிருக்குதுங்களேண்ணா" என்றான். பக்கத்தில் பைக்கில் நின்றவரும் 'ஆமாம், கட்டியிருக்கிறதே' என்பதுபோலத் தலையாட்டினார்.

அவர் தலையாட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. கம்பி குத்தினால் அவர் நெஞ்சில்தான் குத்தும். அவருக்கே அந்தத் துணி போதுமாக இருக்கிறது!

நம் ஊரில் சிவப்புத் துணி ஒரு தாயத்தாகிவிட்டது. கட்டிவிட்டால் எதையும் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். பி.வி.சி. பைப், சவுக்குக் கம்பம், ஷட்டர் தகடு, பந்தல் சாமான் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். துணி கட்டினோமா, கடமை முடிந்தது. அதற்கு மேல் ஏதாவது நடந்தால் "பின்னால் வருகிறவன் பார்த்து வந்திருக்க வேண்டும்" என்று ஒரு தீர்ப்பும் தயாராக இருக்கிறது.

எதைப் பார்த்து வர வேண்டும்? பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியை நேர் பின்னாலிருந்து பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவு வட்டம்தான் தெரியும். அதன் நீளம் தெரியாது. வண்டியின் பின்கதவு எங்கே முடிகிறது என்பதைத்தான் கண் கணக்கு வைக்கும். பிரேக்கும் அந்தக் கணக்கில்தான் போடுவோம். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் பத்தடிக்குக் கம்பி வந்து நிற்பது மூளைக்கு எட்டுவதற்குள் இடைவெளி முடிந்துவிடுகிறது. இரவில் கேட்கவே வேண்டாம். வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்கு முதலில் மங்குவதே சிவப்புதான், கறுப்பாகத் தெரியும். துணி தானாக ஒளிராது, எதிரொளிக்கவும் செய்யாது. இருட்டில் கறுப்பாகப் போகிற ஒரு பொருளை எச்சரிக்கை என்று நம்பி ஒரு நாடே கட்டிக்கொண்டு திரிகிறது.

சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு மீட்டர் வரை பின்னால் நீட்டிக்கொள்ளலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு காலத்தில் சலுகை இருந்தது. கம்பி குத்திச் செத்தவர்களின் கணக்கைச் சுமந்துகொண்டு ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, 2014-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194(1ஏ) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சரக்கு வண்டியின் பாடியைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ நீண்டால் 20,000 ரூபாய் அபராதம். லோடை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில். சரி செய்யும்வரை வண்டி நகரக் கூடாது. துணி கட்டியிருந்தால் பரவாயில்லை என்று அதில் எங்குமே இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "காற்றாலை இறக்கையை மட்டும் எப்படி விடுகிறார்கள்? அது நீட்டிக்கொண்டு போகவில்லையா?"

போகிறது. நல்ல கேள்வி, அதையே பேசுவோம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து 81.5 மீட்டர் நீள இறக்கைகளைக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 டன். சென்னைக்குப் பக்கத்து ஆலையிலிருந்து, இந்த மாநிலத்தின் நீளத்தைப் பாதிக்கு மேல் அளந்து, சாலை வழியாகவே வந்தவை. எண்பத்தொன்றரை மீட்டர்! ஒரு முனை டீக்கடை வாசலில் இருந்தால் மறுமுனை அடுத்த தெருவில் இருக்கும். அது எப்படிப் போகிறது என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். புறப்படும் முன்பே வழி முழுவதும் அளந்து பார்க்கிறார்கள்: எந்த வளைவில் திரும்பும், எந்த மின்கம்பி இடிக்கும், எந்தப் பாலம் தாங்கும். அனுமதி வாங்குகிறார்கள். முன்னால் ஒரு பைலட் வண்டி, பின்னால் ஒரு வண்டி, இரண்டிலும் விளக்கு. பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப ஓர் ஆள். ஒரு ரவுண்டானாவைக் கடக்க அரை மணி நேரம் ஆனாலும் நின்று, இறங்கி, அளந்து திருப்புகிறார்கள்.

இந்த இறக்கைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? ஹாரன் அடிக்கிறோம், சபிக்கிறோம், இதையெல்லாம் பகலில் விட்டவன் யார் என்று கேட்கிறோம். அரை மணி நேரம் தாமதமானதற்குக் கலெக்டர் வரைக்கும் மனு போகிறது. குட்டியானைக்கு எதிராக ஒரு மனு உண்டா? எண்பத்தொன்றரை மீட்டர் இறக்கையைக் கண்டு ஒதுங்கி நின்று செல்போனில் படம் எடுக்கிற அதே ஆள், ஆறு மீட்டர் கம்பியின் முனைக்கு இரண்டடி தூரத்தில் பைக்கை ஓட்டிக்கொண்டு போகிறார். பெரியது ஆபத்து, சிறியது நம்ம ஊர் வண்டி என்று மனதில் பதிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற லோடு யாரையும் ஏமாற்றுவதில்லை. தெரியாத முனைதான் குத்துகிறது.

"ஏழை டிரைவர் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று சிலர் இரக்கத்தோடு சொல்வார்கள். டிரைவருக்காகத்தான் நானும் பேசுகிறேன். சடன் பிரேக் அடித்தால் கம்பிக் கட்டு முன்னால் பாயும். முதலில் சாகிறவன் அவன்தான். இதில் மிச்சம் பிடிக்கிறவர்கள் வேறு. குட்டியானையின் தொட்டி நீளம் ஏறக்குறைய ஏழடி. மடித்த கம்பி இருபதடி. இந்தக் கணக்கு கம்பிக் கடைக்காரருக்குத் தெரியாதா? வீடு கட்டுகிற மேஸ்திரிக்குத் தெரியாதா? நீளமான லாரி வைத்தால் வாடகை சில நூறு கூடும். ஐம்பது லட்சத்தில் வீடு கட்டுகிறவர் மிச்சம் பிடிப்பது அந்தச் சில நூறில். வழியில் பிடித்தால் கையில் ஏதாவது கொடுத்துச் சமாளிக்க வேண்டியவன் டிரைவர். மாமூல் வாங்குகிறவருக்கும் துணிதான் சாக்கு: "சரி, சிவப்புத் துணியாவது கட்டு, போ." ஹெல்மெட் போடாத கல்லூரிப் பையனை ஓடிப் பிடிக்கிற அதே இடத்தில், கம்பி லோடு கையசைப்போடு கடந்து போகிறது.

இந்தத் துணியோடு பிறந்த இன்னொன்று உண்டு. ராத்திரியில் பழுதாகி நிற்கிற லாரிக்குப் பின்னால் நான்கு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் வைப்பது. பார்க்கிங் விளக்கு எரியாது, முக்கோணப் பலகை கிடையாது. கல்லும் கொத்தும் போதும் என்று நம்பிக்கை. வண்டி போன பிறகும் கல் நடுரோட்டிலேயே கிடக்கும். அடுத்த உயிரை அது வாங்கும். கரும்பு லாரிகளையும் சொல்ல வேண்டும். திம்பம் மலைப்பாதைக்கு மேலே, காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம், உயரமாக ஏற்றி வெளியே பிதுங்கிய கரும்புக்காக யானைகள் ரோட்டில் காத்து நிற்கப் பழகிவிட்டன. அளவுக்கு மேல் ஏற்றியது மனிதன். ரோட்டுக்கு வந்துவிட்டது என்று பழி யானைக்கு.

எண்பத்தொன்றரை மீட்டர் இறக்கைக்கு வழி அளக்கத் தெரிந்த மாநிலம் இது. இருபதடிக் கம்பிக்கு வண்டி அளக்கத் தெரியாதா? தெரியும். வேண்டாம் என்று விட்டிருக்கிறோம், ஏனென்றால் துணி இருக்கிறது.

சாலை முழுக்கப் போலீஸ் நிற்க முடியாது. கடை வாசலில் தடுத்துவிடலாம். கம்பிக் கடையில் லோடு ஏற்றுகிற இடத்திலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் போய் நிற்கட்டும். அபராதத்தை வண்டிக்காரரிடம் மட்டும் வாங்காமல் ஏற்றி அனுப்புகிற கடைக்கும் போடச் சட்டத்தில் வழி செய்யட்டும். அதுவரை, வீடு கட்டிக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பிக்கு ஆர்டர் சொல்லும்போது வண்டியையும் கேளுங்கள். "லோடு பாடிக்குள் அடங்குகிற வண்டியில் அனுப்புங்கள், வாடகை கூடினால் நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நீட்டிக்கொண்டு வந்தால் இறக்காமல் திருப்பி அனுப்புங்கள்.