ஏலம் போடுகிறவர் சரக்கு வைக்கலாமா?

கிரிக்கெட் சங்கத்தில் அரசியல்வாதிக்கும் தொழிலதிபருக்கும் என்ன வேலை, ஆடியவர்களே நடத்தட்டும் என்று டீக்கடை பெஞ்சில் பேசாதவர் கிடையாது. எனக்கும் அதில் சம்மதம்தான். ஆனால் நன்றாக ஆடியவர் என்பது மட்டும் போதுமா? அனில் கும்ப்ளே கதையைப் பார்த்தால் விளங்கும்.

132 டெஸ்ட், 619 விக்கெட். 1999-இல் டெல்லியில் பாகிஸ்தானின் 10 விக்கெட்டையும் ஒரே இன்னிங்ஸில் சாய்த்தவர். 2002-இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் வீசி, லாராவை வெளியேற்றியவர். 2008 நவம்பரில் ஓய்வு பெற்றார். இரண்டே வருஷத்தில் கர்நாடக கிரிக்கெட் சங்கத் தலைவர் பதவிக்கு நின்று, மைசூர் ராஜ வம்சத்து ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரைத் தேர்தலில் தோற்கடித்தார். கூடவே ஜவகல் ஸ்ரீநாத் செயலாளர் ஆனார்.

இவர்கள் காலத்தில்தான் ஹூப்ளி மைதானத்தில் 2012-இல் ரஞ்சி ஆட்டம் நடந்தது. பெங்களூரைத் தாண்டியும் பையன்கள் இருக்கிறார்கள் என்பது ஆடியவருக்குத் தெரியும். நம் தேனி மாவட்டத்துப் பையன்கள் பெரிய ஆட்டம் பார்க்க திண்டுக்கல் பக்கம் நத்தம் வரை போக வேண்டியிருப்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் ஒரு கேள்வியும் எழுந்தது. அப்போது கும்ப்ளேவுக்கு டென்விக் என்ற விளையாட்டு நிறுவனம் இருந்தது. அது சில கர்நாடக வீரர்களின் விவகாரங்களையும் கவனித்து வந்தது. சங்கத் தலைவரே இப்படி ஒரு நிறுவனம் வைத்திருக்கலாமா என்று பத்திரிகைகள் கேட்டன. தவறு எதுவும் இல்லை என்றார் அவர். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் நம் போடி ஏலக்காய் ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம் போடுகிறவர் தன் தோட்டத்துச் சரக்கையும் அதே ஏலத்தில் வைத்தால், அவர் உத்தமராகவே இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் வியாபாரி நம்புவாரா? அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எங்களுக்கே சொத்து வாங்கினால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. எங்களை எல்லாம் திருடர்கள் என்று நினைத்து யாரும் அந்த விதியைப் போடவில்லை. ஜனங்களுக்கு நம்பிக்கை வேண்டும் என்றுதான் போட்டார்கள்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. தேசிய கிரிக்கெட் அகாடமித் தலைவராக இருந்தபோது தன் திட்டத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்றதும் 2011-இல் விலகினார். 2013-இல் சங்கத்தில் மூன்று வருஷம் முடிந்ததும் மறுபடி போட்டியிடவில்லை. நாற்காலியில் உட்காரப் பலருக்கும் தெரியும். எழுந்திருக்கத் தெரிந்தவர் சிலர்தான்.

பிறகு வந்த லோதா குழு இந்த இரண்டையுமே விதியாக்கச் சொன்னது: சொந்த ஆதாயம் குறுக்கே வரக் கூடாது, பதவிக்குக் காலவரம்பும் 70 வயது வரம்பும் வேண்டும். 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2022-இல் காலவரம்பைக் கொஞ்சம் தளர்த்தியும் விட்டது. அந்தத் தளர்வு எனக்கு உவப்பாயில்லை. எங்கள் காலத்தில் 58 வயதானால் மாலையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆபீஸ் நின்றா போய்விட்டது?

ஆடியவர்கள் வரட்டும். கடையைச் சாத்திவிட்டு வரட்டும். வந்த வேலை முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விடட்டும்.