படம் விற்கும் முன்

ஜூன் 5 நெருங்கும்போது பள்ளிகளில் சுற்றுச்சூழல் ஓவியங்கள் சுவரேறும். பூமியைத் தாங்கும் இரு கைகள், கண்ணீர் விடும் மரம், புகை கக்கும் ஆலை என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சில பள்ளிகள் அவற்றை விற்று, வந்த தொகையை மரக்கன்றுக்கோ ஏரிப் பராமரிப்புக்கோ கொடுக்கின்றன. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்தப் படத்தை வரைந்ததால் மாணவருக்கு எந்த மரம், எந்த ஏரி புதிதாகத் தெரியவந்தது என்ற கேள்வியை ஓவிய ஆசிரியர்களாகிய நாம் கேட்டாக வேண்டும். எந்த உயிருக்காக, எந்த நிலத்துக்காக நிதி திரட்டுகிறோமோ, அதையே மாணவர் அறிந்து வரையட்டும். கலையும் நிதியும் ஒன்றையொன்று வளர்ப்பது அப்போதுதான்.

சுவீடனின் ஃபேகர்விக் என்ற சிற்றூர்ப் பள்ளியில் 1987-இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. கோஸ்டா ரிகாவின் மான்டேவெர்டே பகுதி மழைக்காடு அழிந்துவருவதை ஷாரன் கின்ஸ்மன் என்ற அமெரிக்க உயிரியலாளர் அந்தப் பள்ளியில் படங்களோடு விளக்கினார். அதைக் காக்க என்ன செய்யலாம் என்று ஒன்பது வயது மாணவன் ஒருவன் கேட்டதிலிருந்து, காட்டையே விலைக்கு வாங்கும் எண்ணம் பிறந்தது. ஆசிரியை ஏஹா கெர்ன் வழிகாட்ட, பிள்ளைகள் படம் வரைந்தும் பாட்டெழுதியும் நாடகம் போட்டும் பணம் சேர்த்தனர். முதலில் வாங்க முடிந்தது சில ஹெக்டேர்தான். பிறகு 44 நாடுகளின் சிறுவர்கள் கைகோத்தனர். பெரியவர்களின் நன்கொடையும் சேர்ந்தது. குழந்தைகளின் பெயரையே தாங்கிய அந்தக் காடு இன்று 22,000 ஹெக்டேரைத் தாண்டி, கோஸ்டா ரிகாவின் மிகப் பெரிய தனியார் காப்புக்காடாக நிற்கிறது. அந்தக் காடு அந்தப் பிள்ளைகளின் கண்ணெதிரே இருக்கவில்லை. ஆயினும் அது பெயரும் இடமும் விலையும் உள்ள காடு. தங்கள் படத்துக்குக் கிடைத்த காசு எந்த மண்ணுக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் இளையோர் வாத்து முத்திரைத் திட்டம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. நீர்ப்பறவைப் படம் தாங்கி 1934 முதல் விற்கப்படும் பெரியவர்களுக்கான வாத்து முத்திரையின் வருவாய் நீர்ப்பறவை வாழிடங்களை வாங்கப் பயன்படுகிறது. அதன் வழியில் 1993-இல் முதல் இளையோர் முத்திரை விற்பனைக்கு வந்தது. மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் தங்கள் நாட்டு நீர்ப்பறவை ஒன்றைத் தேர்ந்து, அதன் உடலமைப்பையும் வாழிடத்தையும் படித்து வரைகிறார்கள். வென்ற படம் 5 டாலர் முத்திரையாகிறது; வருவாய் இயற்கைப் பாதுகாப்புக் கல்விக்கே திரும்புகிறது. அலகின் வளைவோ இறகின் நிறமோ பிசகினால் பறவை வேறாகிவிடும். தூரிகை பிடித்த கை தவறு செய்யக்கூடாதென்றால் கண் முதலில் பழக வேண்டும்.

மறுப்புகள் உண்டு. காசு நுழைந்தால் வாங்குவோர் ரசனைக்குப் பிள்ளைகள் வரையத் தொடங்குவர் என்பது முதலாவது. இந்த அச்சம் நியாயமானது. ஏலமும் ‘சிறந்த படத்துக்கு’ அதிக விலையும் இதை வளர்க்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே விலை வைத்து, எந்தப் படத்தை விற்பது என்பதை மாணவரிடமே விட்டால் அந்த அச்சத்தின் பெரும்பகுதி நீங்கும். பொருளைக் குறுக்கினால் கற்பனை குறுகும் என்பது இரண்டாவது. ஆனால் முழுச் சுதந்திரம் தந்தபோதுதான் அழும் மரங்கள் வரிசையாக வந்தன. உற்றுப் பார்த்த பிள்ளைக்குத்தான் சொல்லச் சொந்தமாக ஏதேனும் கிடைக்கிறது. திரளும் தொகை அற்பம் என்பது மூன்றாவது. பல பள்ளிகளில் அது உண்மையே. அதனால்தான் நிதியை மட்டும் நம்பி இம்முயற்சியை நடத்தக்கூடாது என்கிறோம். பணம் செலவான பின்பும் அறிவு மாணவரிடம் தங்கும்.

பொருள்களிலும் இதே நேர்மை வேண்டும். அக்ரிலிக் வண்ணம் பிளாஸ்டிக்கால் ஆனது. தூரிகை கழுவிய நீர் சாக்கடை வழியே நீர்நிலையைச் சேரும். தெர்மாகோலும் மினுமினுப்புத் தூளும் ஏரியைக் காக்கும் கண்காட்சிக்குப் பொருந்தா. கரியும் பென்சிலும் பழைய தாளின் பின்பக்கமும் போதும். அடுத்த கண்காட்சிக்கு முன் மாணவர்களை ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் நெற்றியில் என்ன வேறுபாடு என்று அவர்களே கண்டு வரையட்டும். படத்தின் கீழே பறவையின் பெயரும், வரும் பணம் அந்த ஏரியில் எதற்குச் செலவாகும் என்பதும் மாணவர் கையெழுத்திலேயே இருக்கட்டும்.