நாம் விற்றுவிட்ட ஊர்

ஆவடி நண்பர் இத்தாலிப் பயணத்துக்குத் திட்டமிடுகிறார். பத்து நாளில் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ். இடையே டஸ்கனிக் கிராமமொன்றில் ஒரே இரவு. வெனிஸை விட்டுவிட்டுக் கிராமத்தில் கூடுதலாகத் தங்குங்கள் என்றேன்.

விவசாயி தன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து, சொந்த நிலத்து விளைச்சலைச் சமைத்துப் பரிமாற வழிசெய்யும் சட்டத்தை இத்தாலி 1985-இல் இயற்றியது. அந்த வருமானம் பல குடும்பங்களை நிலத்தோடு இருத்தியது. நண்பர் உண்ணப்போகும் ஒலிவ எண்ணெயும் திராட்சை மதுவும் அப்படித்தான் மேசைக்கு வருகின்றன.

நம் பக்கம் முல்லைக்கொடி பெயர் தந்த திருமுல்லைவாயில் இருக்கிறது; பூ மணக்கும் பூவிருந்தவல்லி இருக்கிறது. வயல்கள்தாம் மனைகளாகிவிட்டன. விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நெல் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் உழவர் வீடுகளில் ஒருவேளைச் சோறுண்ண நாம் காசு கொடுத்துப் போகலாமே. டஸ்கனிக்குச் செல்பவர்கள் அதையும் தங்கள் பயணத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.