பொம்பளைக் காலுக்கு பூட்ஸ் கிடையாதா?

குளிர்கால பூட்ஸ்னு சொன்னதும் டொரண்டோ, லண்டன்லேர்ந்து பதிவு போடற நம்ம மக்களுக்குப் பனிக்கட்டிதான் ஞாபகம் வரும். எங்க ஊர்ப்பக்கம் பனிக்கட்டி கொட்டறதில்லைங்க. எங்களுக்குக் குளிர்காலம்னா ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதுக்கப்புறம் வர்ற மார்கழிப் பனியும்தான். அந்த மூணு மாசமும் காட்டுலயும் வயல்லயும் சேத்துக்குள்ள நின்னு வேலை செய்யற பொம்பளைங்களுக்கும் பூட்ஸ் வேணும். அவங்க கால் அளவுக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் பெரம்பலூர்லயோ அரியலூர்லயோ கேட்டுப் பாருங்க. குதிரைக் கொம்பு.

இதுல வேடிக்கை என்னன்னா, இப்ப காலணிக்குப் பேர் வாங்கிட்டிருக்கறதே இந்த ரெண்டு மாவட்டமும்தான். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டுல 2022 நவம்பர்ல காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினாங்க. 2023-ல் க்ராக்ஸ் செருப்பு தயாரிக்கற ஆலையும் அங்க திறந்தாச்சு. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்துல 1,000 கோடி ரூபாய் முதலீட்டுல தைவான் கம்பெனியோட காலணி ஆலைக்கு 2024 நவம்பர்ல அடிக்கல். 15,000 பேருக்கு வேலைன்னு சொன்னாங்க. நல்ல விஷயம், நான் குறை சொல்லலை. இந்தத் தொழில்ல வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் பொண்ணுங்கதான். ஊர் உலகத்துக்கெல்லாம் செருப்பு பண்ணி அனுப்பற பொண்ணு, காட்டு வேலைக்குப் போற தன் அம்மாவுக்கு நாலாம் நம்பர் பூட்ஸ் வாங்க உள்ளூர்ல கடை இல்லைன்னா அது என்ன கணக்குங்க?

போன ஐப்பசியில எங்க அத்தைக்காகக் கடை கடையா ஏறி இறங்கினேன். அத்தைக்கு மக்காச்சோளமும் கொஞ்சம் சின்ன வெங்காயமும். கால் நாலாம் நம்பர், முன்பக்கம் நல்ல அகலம். செருப்புக் கடையில "லேடீஸா? ஃபேன்சி ஐட்டம் அந்தப் பக்கம் இருக்கு பாருங்க"ன்னாங்க. ஹார்டுவேர் கடையில கம்பூட்ஸ் இருந்துச்சு. ஆனா எல்லாம் ஆம்பளை ஆறு, ஏழுலேர்ந்து ஆரம்பம். "முன்னாடி பேப்பர் அடைச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க"ன்னு இலவச ஆலோசனை வேற. கடைசியில ஆறு நம்பர்தான் வாங்கினேன். ரெண்டு சாக்ஸ் போட்டும் பிரயோசனமில்லை. சேத்துல கால் வெளிய வருது, பூட்ஸ் உள்ளயே நிக்குது!

"திருச்சிக்குப் போய் வாங்க வேண்டியதுதானே?"ன்னு கார் வச்சிருக்கறவங்க சுலபமா கேக்கலாம். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. அரியலூர்ல ஸ்டேஷன் இருக்கு, ஆனா பெரம்பலூர்லேர்ந்து அதுக்கே முப்பது கிலோமீட்டர் பஸ்ஸுல போகணும். 2021 மே மாசம் பெண்களுக்குக் கொண்டு வந்த கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், திருச்சி பஸ்ஸுக்கு இல்லை. கிராமத்துலேர்ந்து ஒரு பஸ், அங்கேர்ந்து திருச்சிக்கு இன்னொண்ணு, என்.எஸ்.பி. ரோட்டுல அலைச்சல், திரும்பி வர ரெண்டு பஸ். ஒரு நாள் கூலி போச்சு. கூலியை விடக்கூடாதுன்னு வேற யாரையாவது அனுப்பினா, போட்டுப் பாக்க வேண்டிய கால் காட்டுல நிக்கும், பூட்ஸ் கடையில இருக்கும். ஆன்லைன்ல வாங்கினாலும் அதே கதைதான். அளவு சரியில்லைன்னா திருப்பி அனுப்பறது இன்னொரு போராட்டம்.

இது ஃபேஷன் சமாசாரம் இல்லைங்க, உயிர் சமாசாரம். 2000-லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் செத்திருக்காங்கன்னு 2020-ல் வந்த ஒரு ஆய்வு மதிப்பிடுது. கிராமங்கள்லதான் அதிகம், அதுவும் மழை மாசங்கள்ல. பாம்பு பெரும்பாலும் போடறது கால்லதான். திருமானூர்ப் பக்கம் நெல் வயல்ல தேங்கின தண்ணியில வெறுங்கால் புண்ணோட நின்னா எலிக்காய்ச்சல் பயம் வேற. 2024 நவம்பர்ல தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயா ஆக்கிச்சு. ஆஸ்பத்திரிகள் கணக்குக் கொடுத்தே ஆகணும். சரியான முடிவு. ஆனா கடிச்ச பிறகு எண்ணறதுக்கு வழி பண்ணிட்டோம், கடிபடாம தடுக்க நாலாம் நம்பர் பூட்ஸுக்கு வழி பண்ணலையே?

கடைக்காரங்க சொல்ற பதில், "பொம்பளைங்க யாரும் கேக்கறதில்லை." அலமாரியில இல்லாத பொருளை எப்படிங்க கேப்பாங்க? இதுக்குப் பின்னாடி பழைய கதையும் இருக்கு. தமிழ்நாட்டுல பல ஊர்ல ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்சாதித் தெருவுல செருப்பே போடக்கூடாதுன்னு வச்சிருந்தாங்க. இருக்கற செருப்பையும் வரப்புல கழட்டி வச்சிட்டு இறங்கறதுதான் வழக்கம். அப்படி வந்த சனம் தானா வந்து "பூட்ஸ் குடு"ன்னு கேக்கும்னு காத்திருந்தா கேக்காது. நாமதான் கொண்டு போய் வைக்கணும்.

"கால் அளவு தெரியாதே"ங்கற சாக்கும் செல்லாது. சென்னை அடையாறுல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடத்துல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட காலை அளந்திருக்கு. நம்ம கால் ஐரோப்பியக் காலை விட அகலம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. வெள்ளைக்காரன் நம்பரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள்?

"சித்திரை வெயில்ல ரப்பர் பூட்ஸ் போட்டா கால் வெந்துடும்"னு சொல்றவங்க கட்சிக்கு மட்டும் நான் தலையாட்டறேன். உண்மைதான். அதனாலதான் மழைக்காலத்துக்கு மட்டும் கேக்கறேன். எடை கம்மியா, கரண்டைக்கு மேல ஒரு சாண் வந்தாப் போதும்.

என்ன செய்யலாம்? யூரியா வாங்க எல்லாரும் போற கூட்டுறவு சங்கத்துல புரட்டாசியிலயே மூணு, நாலு, அஞ்சு நம்பர்ல இறக்கி வைக்கலாம். அங்கயே போட்டுப் பாத்து வாங்கலாம், திருச்சி பஸ் தேவையில்லை. நம்ம மண்ணுல ஆலை வச்சிருக்கற கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு லாட் இதுக்குன்னு ஒதுக்கலாம். செருப்புக் கடை அண்ணாச்சிங்க ஆறே ஆறு ஜோடி வாங்கி வாசல்ல தொங்க விடட்டும். அப்புறம் பாருங்க, யாரும் கேக்கறதில்லையான்னு.

உங்க ஊர்ல எங்கயாவது பொம்பளை அளவுல கம்பூட்ஸ் கிடைச்சா பின்னூட்டத்துல கடை, விலையோட சொல்லுங்க. "எங்க ஊர்லயும் இல்லை"ன்னாலும் எழுதுங்க, எத்தனை ஊர்னு எண்ணிடலாம்.

டிஸ்கி: "பேப்பர் அடைச்சுப் போட்டுக்கலாமே"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, முதல்ல அப்படிப் போட்டுக்கிட்டு ஒரு ஏக்கர் களை எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம் :-)