கேள்விக்கென்று ஒரு மணி நேரம்

நம் கல்லூரிகளில் ஆய்வுக் கருத்தரங்கம் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? வாயிலில் ஒரு பதாகை, குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, சான்றிதழ். சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் உணவு இடைவேளை வந்துவிடும். நேரமின்மையைக் காரணம் காட்டிக் கேள்விகளை விட்டுவிட்டு நன்றியுரைக்குத் தாவுவார்கள். விட்டுவிட்ட அந்தப் பகுதியில்தான் கருத்தரங்கின் உயிர் இருந்தது என்று யாரும் வருந்துவதில்லை. இலக்கியக் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் இங்கே பேச விரும்புவது இயற்பியலையும் வானியலையும் பற்றி. அதிலும் தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் பற்றி.

முதலில் சென்னையிலிருந்து இரண்டு நிகழ்வுகள். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கே மாணவராக இருந்த சு. சந்திரசேகர், சோமர்ஃபெல்டு தங்கியிருந்த விடுதிக்கே தேடிச் சென்றார். சோமர்ஃபெல்டின் நூலைக் கரைத்துக் குடித்திருந்த அந்த இளைஞரிடம், அந்நூலின் இயற்பியல் பழையதாகிவிட்டது என்று அதை எழுதியவரே சொன்னார். இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் கொடுத்தனுப்பினார். மறு ஆண்டே சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயிற்று. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் அவர் போட்ட கணக்குதான் வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நோக்கி இட்டுச் சென்றது. 1983இல் நோபல் பரிசு. சோமர்ஃபெல்டின் உரையைவிட அதற்கு அப்பால் நடந்த உரையாடலே இங்கு முக்கியம்.

இரண்டாவது, அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டி நடத்திய கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு. 1960இல் நீல்ஸ் போர் அங்கே வந்தார். அவர் சொன்ன பாராட்டு நேருவை எட்டியது. 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரு வீட்டுக் கூடத்தில் தொடர்ந்து நடந்த பேச்சு ஒரு நிறுவனமாயிற்று. அதே நிறுவனம்தான் பின்னாளில் தேனி மாவட்டத்துக்கென வகுக்கப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் பங்காளிகளில் ஒன்றாகவும் இருந்தது.

தேனிக்கு வருவோம். இப்பள்ளத்தாக்கு அறிவியலுக்குப் புதிதன்று. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் ஆட்சியாளர் தேடிய விடைகளில் இரண்டு இதன் இருபுறமும் நிற்கின்றன. ஒன்று 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. மற்றொன்று, அதே ஆண்டில் பழனி மலையில் அடிக்கல் நாட்டப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வி அந்த ஆய்வகத்தின் பிறப்பில் கலந்திருக்கிறது. மோட்டார்ச் சாலை வருமுன் கொடைக்கானலுக்கு ஏறியவர்களில் பெரும்பாலோர் பெரியகுளம் வழியேதான் ஏறினார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அந்த மலையில்தான். ஆக, மழைக்கு ஏங்கிய குடியானவரின் கவலையும் வானியலாளரின் தொலைநோக்கியும் ஒருகாலத்தில் ஒரே கேள்வியைப் பகிர்ந்துகொண்டன.

நூறாண்டு கழித்து வந்த அடுத்த பெரிய அறிவியலோ வேறு விதமாக வந்தது. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த மரபின் தொடர்ச்சியாக, பொட்டிப்புரம் அருகே மலையைக் குடைந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதையும், 50,000 டன் காந்தமேற்றிய இரும்பாலான உணர்கருவியும் அமைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018இல் மீண்டும் அனுமதி வந்தது, 2022இல் தமிழக அரசு புலிகளின் வழித்தடத்தைச் சுட்டி உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலை குடையப்படவில்லை. 2025இல் சீனாவின் ஜூனோ ஆய்வகம் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

அந்த வழக்கை மீண்டும் நடத்துவது நம் நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறு. அன்று இரண்டு வகைக் கேள்விகள் எழுந்தன. நியூட்ரினோ உடலைத் துளைத்துக் கெடுக்குமா என்பது ஒன்று. பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் ஊற்றும் காடும் என்னவாகும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு எளிய விடை உண்டு: நம் விரல்நுனி அளவுப் பரப்பை நொடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் இப்போதும் கடந்துகொண்டிருக்கின்றன, நாம் உணர்வதுகூட இல்லை. இரண்டாவதற்கு எளிய விடை கிடையாது. அது நிலவியலும் நீரியலும் காட்டுயிரியலும் கூடி உட்கார்ந்து பேச வேண்டிய, முற்றிலும் நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டன. திட்டத்தை ஆதரித்தவர்கள் முதல் கேள்வியின் பிழையைக் காட்டி இரண்டாவதையும் அறியாமை என்று ஒதுக்கினார்கள். எதிர்த்தவர்களில் சிலர் இரண்டாவதின் நியாயத்தில் முதலாவதற்கும் நிழல் கொடுத்தார்கள்.

விஞ்ஞானிகள் வந்து விளக்கவில்லையா என்று கேட்கலாம். வந்தார்கள், விளக்கினார்கள். ஆனால் இடம் முடிவான பிறகு சொல்லப்படுவது விளக்கம், கருத்தரங்கு அன்று. விளக்கத்தில் பேசுபவர் தோற்க முடியாது. கருத்தரங்கில் கடைசி வரிசையிலிருந்து வரும் ஒரு கேள்வி அவரைத் தோற்கடித்துவிடலாம், அவரும் அதற்கு இசைந்தே மேடையேறுகிறார்.

கருத்தரங்கை நாம் மிகைப்படுத்துகிறோமோ என்ற ஐயமும் நமக்கு உண்டு. 1935இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவை முன்வைத்தபோது எடிங்டன் அதை எள்ளி நகையாடினார்; சபை எடிங்டனின் பக்கமே இருந்தது. அறிஞர் அவையிலும் அதிகாரம் உண்மையை வாயடைக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது பதிவில் இருந்தது, பிற்காலம் அதைத் திருத்திப் படித்தது. பதிவே இல்லாத இடத்தில் திருத்துவதற்கும் எதுவும் இருக்காது.

போடியிலும் உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் தேனியிலும் கல்லூரிகள் உள்ளன. இவற்றின் இயற்பியல் துறைகள் கூடி மாதம் ஒரு கருத்தரங்கை நடத்தட்டும். தமிழில் நடத்தட்டும். பெ.நா. அப்புசாமியும் கலைக்கதிர் இதழும் வழிபோட்ட மொழியில் சொல் போதாது என்ற சாக்கு இனி செல்லாது. பேச்சுக்கு ஒரு மணி நேரம் என்றால் கேள்விக்கும் ஒரு மணி நேரம். ஏலத்தோட்டக்காரரும் சுருளிப்பட்டியின் திராட்சை விவசாயியும் வந்து உட்காரலாம் என்று இருக்கட்டும். விடை தெரியாத கேள்வியை எழுதிவைத்து அடுத்த மாதம் அதிலிருந்தே தொடங்கட்டும். பேசுவதற்கா பொருளில்லை? கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் சூரியப் படங்கள் இருக்கின்றன, பருவமழை இருக்கிறது, நடக்காமல் போன அந்த ஆய்வகமே இருக்கிறது.

நாளை இம்மலைகளுக்கு இன்னொரு திட்டம் வரலாம், நல்லதாகவோ கெட்டதாகவோ. அன்று ஊராருக்குத் தேவைப்படுவது ஆயத்த ஆதரவோ ஆயத்த எதிர்ப்போ அல்ல; கேட்டுப் பழகிய வாயும் பதில் சொல்லிப் பழகிய ஆசிரியர்களும்தான். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. அதனால்தான் மாதந்தோறும் என்கிறோம்.