எச்சரிக்கைப் பெட்டியும் அதன் ஒப்பனையும்

கைப்பேசிச் செயலிகளை இயற்றப் பயிலும் நம் மாணவ நண்பர்கள் முதன்முதல் எழுப்பும் வினாக்களுள் ஒன்று, திரையின் நடுவே தோன்றும் எச்சரிக்கைப் பெட்டியின் நிறத்தையும் எழுத்தையும் பொத்தான்களையும் தம் விருப்பப்படி மாற்றுவது எங்ஙனம் என்பதாம். செயலி முழுதும் மயிற்கழுத்து நிறத்தில் மிளிர, இப்பெட்டி மட்டும் வெள்ளை வெளேரென்று வந்து நிற்பது அவர்கட்குப் பொறுக்கவில்லை. அவ்வினாவை யான் இகழேன், யானும் வினவியவனே. ஆயினும் அதனினும் முற்பட்ட வினா ஒன்றுண்டு: அதனை மாற்றும் உரிமை நமக்கு எவ்வளவு உளது?

எச்சரிக்கைப் பெட்டி ஏனைத் திரைகளைப் போன்றதன்று. அது தோன்றிய கணமே பின்னுள்ள தொழிலெல்லாம் நிற்கும். விடை கொடுத்தாலன்றி மேற்செல்ல வழியில்லை. அதிலுள்ள செய்தியைப் பலர் முற்றும் படிப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே. நிறம், இடம், பழக்கம் ஆகிய இவற்றைத் துணைக்கொண்டே விரல் செல்கின்றது. ஒரு செயலியிற் கற்ற பழக்கம் மற்றொன்றிலும் செல்லும் என்று நம்பியே அவசரத்திலிருப்போர் தொடுகின்றனர். புகைவண்டிக் கொடியின் நிறத்தை ஒவ்வொரு நிலையத் தலைவரும் தத்தம் சுவைக்கேற்ப மாற்றிக்கொண்டால் வண்டி ஓட்டுவோர் கதி யாதாகும்?

இதன்கண் இருபெருந் தளங்களும் இருவேறு நெறியின. ஆண்ட்ராய்டு தாராளமானது, 'தீம்' ஒன்றை அமைத்து நிறம், எழுத்து, மூலை வளைவு ஆகியவற்றை மாற்றலாம், 'செட்வியூ' என்னும் முறையால் நாமே வரைந்த அமைப்பைப் பெட்டியினுள் வைக்கவும் கூடும். ஐபோனோ கண்டிப்பானது. 2014-ஆம் ஆண்டில் ஐ.ஓ.எஸ். 8-ஆம் பதிப்புடன் வந்த 'யு.ஐ.அலர்ட்கன்ட்ரோலர்' என்னும் கருவியை உள்ளவாறே வழங்கவேண்டும், அதன் உள்ளமைப்பை மாற்றலாகாது என்று ஆப்பிள் நிறுவனத்தார் தம் ஆவணத்திலேயே எழுதியுள்ளனர். ஒரு பொத்தான் இயல்பானதா, விலகுவதற்குரியதா, அழிப்பதற்குரியதா என்று நாம் சொன்னாற் போதும். அழிப்பதைச் சிவப்பிற் காட்டுதல் தளத்தின் வேலை. ஆவணத்திற் சொல்லப்படாத திறவுகோல்களைக்கொண்டு தலைப்பின் எழுத்தைத் திருட்டுத்தனமாக மாற்றுவாரும் உளர். அடுத்த பதிப்பில் அத்திறவுகோல் பொருந்தாது போனால் முறையிட அவர்கட்கு இடமில்லை.

இக்கண்டிப்பைப் பழிப்பார் பலர். யான் பழிக்கமாட்டேன். அதற்குக் காரணம் என் தந்தையார்க்கு நேர்ந்ததொரு நிகழ்ச்சி.

பொங்கலுக்கு முன்னாள் ஊருக்கு வரப் பேருந்துச் சீட்டொன்றைச் செயலி வழியே வாங்கியிருந்தார். இருக்கை எண்ணைப் பார்க்கப் போன விரல் தவறிப் பட, ஒரு பெட்டி எழுந்தது. 'இப்பயணத்தை ரத்து செய்யவா?' என்பது வினா. கீழே இரு பொத்தான்கள்: சாம்பல் நிறத்திற் சிறியதாய் 'ரத்து செய்', பச்சை நிறத்திற் பெரியதாய்ச் 'சரி'. பயணம் ரத்தாகலாகாது என்றெண்ணிய அவர் 'ரத்து செய்' என்பதை விலக்கிச் 'சரி' என்பதைத் தொட்டார். சீட்டுப் போயிற்று. 'ரத்து செய்' என்றது கேள்வியைக் கைவிடுதற்கும், 'சரி' என்றது சீட்டைக் கைவிடுதற்குமாம்! அன்றிரவு ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார். அப்பெட்டியோ காண்பதற்கு மிக அழகியது. வளைந்த மூலையும் மெல்லிய நிழலும் உடையது. அதனை இயற்றியவர் ஒப்பனைக்குச் செலவிட்ட பொழுதிற் பத்திலொன்றைச் சொல்லுக்குச் செலவிட்டிருப்பின், 'சீட்டைக் கைவிடு', 'சீட்டை வைத்திரு' என்று எழுதியிருப்பார்.

சொல் எத்துணை வலிது என்பதற்குப் பழைய சான்றொன்று உளது. 1983-இல் வெளிவந்த 'லிசா' என்னும் கணிப்பொறியை ஆப்பிள் நிறுவனத்தார் உருவாக்கியபோது, பெட்டியின் பொத்தானில் 'செய்க' என்னும் பொருளில் 'டூ இட்' என்று எழுதியிருந்தனர். சோதனைக்கு வந்தோருட் சிலர் அவ்வாங்கிலச் சொற்களைச் சேர்த்து 'டோல்ட்' என்று படித்து, கணிப்பொறி தம்மை மூடன் என்று வைவதாகக் கொண்டனர். அதன் பின்னரே 'ஓ.கே.' என்பது அவ்விடத்திற்கு வந்தது. நாம் 'சரி' என்று எழுதுவது அதன் வழிவந்ததே.

என் தந்தையாரை வீழ்த்தியது அறியாமையாற் செய்த பிழை. அறிந்தே செய்வாரும் உளர். தமக்கு ஊதியம் தரும் விடையைப் பொன்னிறத்திலும், மறுக்கும் விடையைக் கண்ணுக்குப் புலப்படா வெளிர் நிறத்திலும் தீட்டுவர். 'வேண்டா' என்பதற்குப் பதிலாக 'எனக்குப் பாதுகாப்பில் அக்கறையில்லை' என்று எழுதி, மறுப்பவரை நாணச் செய்வர். இத்தகைய சூழ்ச்சிகட்கு 2010-இல் ஹாரி பிரிக்னல் என்பார் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டார். இந்திய நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் 13 வகைகளை எடுத்துரைத்துத் தடை செய்துள்ளது. நாணச் செய்து இசைவு பெறுதலும் அவற்றுள் ஒன்று. ஒப்பனை கட்டற்றதாகுமிடத்தே இச்சூழ்ச்சிக்கு வாயில் திறக்கின்றது. 2021 ஏப்ரலில் ஐ.ஓ.எஸ். 14.5-ஆம் பதிப்பு முதல், பயனரைப் பிற செயலிகளிலும் பின்தொடர விரும்பும் செயலி அவரிடம் கேட்கவேண்டிய பெட்டியில், செயலியார் எழுதக்கூடியது தம் காரணம் ஒன்றே, பொத்தான்கள் தளத்தினுடையன. அவற்றையும் அவர்கள் தீட்ட விட்டிருப்பின், இசையாதவர்க்குரிய பொத்தான் எவ்வண்ணம் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கண் பார்வையற்ற நண்பர்களையும் ஈண்டு நினைவுகூரவேண்டும். தளம் தரும் பெட்டி எழுந்தவுடனே திரைவாசிப்பான் அதன்பாற் சென்று படிக்கத் தொடங்கும். நாமே வெறுஞ் சதுரமொன்றை வரைந்து பெட்டியென்று நிறுத்தினால், அதனைத் தனியே அறிவித்தாலன்றி வாசிப்பான் பின்னுள்ள திரையையே படித்துக்கொண்டிருக்கும். வழி அடைபட்டது அவர்க்குத் தெரியாது.

சிறார் விளையாட்டுச் செயலியிற் பெட்டி யானை வடிவில் வரினும் எனக்குத் தடையில்லை. ஆங்கு இழப்பது ஒரு பழமோ நாணயமோதான். பணமும் சீட்டும் எழுதிய தேர்வும் அழியக்கூடிய இடத்தே, நிறத்தைத் தளத்திற்கு விட்டுச் சொல்லை நம் கையிற் கொள்வதே தக்கது என்பது என் துணிபு. நீண்ட தமிழ்ச் சொற்கள் குறுகிய பொத்தானில் அடங்காவே என்று நண்பர் ஒருவர் தடை கூறினார். இடம் போதாதபோது இரு தளங்களும் பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாய்த் தாமே அடுக்கிக்கொள்ளும். சென்ற பருவத்து நூலகச் செயலியில் யான் 'நூலைத் திருப்பிக் கொடுத்தேன்' என்றே எழுதினேன், அடங்கிற்று.